பொட்டு வைத்த உருளைக்கிழங்குச் சட்டிகள்

செடியில் புழு நன்றாக ஏற வேண்டும் என்று காசி விசுவநாதரிடம் வேண்டிக்கொண்டவன் தென்காசியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்ன செய்ய, என் உத்தியோகம் அப்படி.

அறுபதுகளில் குற்றாலம் போகிற சாலையில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. ஒரு மைக்ரோஸ்கோப், ஓர் ஆபீசர், தற்காலிக உதவியாளனாக நான், செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் அண்ணாச்சி. உருளைக்கிழங்கு வேரில் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் நூற்புழுவை எந்த ரகம் தாங்கும் என்று கண்டுபிடிப்பது வேலை. ஊட்டியிலிருந்து வந்த ரகங்களைச் சட்டியில் நட்டு, புழு கலந்த தண்ணீரை அளந்து ஊற்றுவேன். புழு கண்ணுக்குத் தெரியாது. "வெறுந்தண்ணிய ஊத்துததுக்கு ஒரு படிப்பா!" என்பார் அண்ணாச்சி.

மொத்தம் நாற்பது சட்டி. சட்டிக்கு ஒரு ரகமாக முப்பத்தொன்பதுக்குப் புழு உண்டு. நாற்பதாம் சட்டிக்கு மட்டும் கிடையாது. நோயில்லாத வேரோடு ஒப்பிட்டுப் பார்க்க அது. செடிகளோ ஒரே பிரசவத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. சட்டியில் சாக்பீஸால் எழுதிய எண்தான் அடையாளம். சோதனை ஒழுங்காக முடிந்தால் என் வேலையை நிரந்தரமாக்க எழுதுவதாக ஆபீசர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகுதான் முகூர்த்தம் என்று இலத்தூரில் பெண் வீட்டார் காத்திருந்தார்கள்.

புழு ஊற்றி முடித்த சமயம் ஆயுத பூஜை வந்தது. ஆபீசர் ஊருக்குப் போயிருந்தார். மைக்ரோஸ்கோப்புக்கும் தராசுக்கும் சந்தனம் வைத்தோம், சைக்கிளுக்கு மாலை போட்டோம். அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். "சட்டியும் நமக்கு ஆயுதந்தான தம்பி" என்றார் அண்ணாச்சி. எனக்கும் பக்தி பொங்கிவிட்டது. எல்லாச் சட்டியையும் வெளியே இறக்கி, ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைத்தோம். பொரிகடலை தின்னும்போதுதான் உறைத்தது, எண்கள் எங்கே? வரிசை தனக்கு அத்துப்படி என்று அண்ணாச்சி சத்தியம் செய்தார். அவர் சொன்னபடி மறுபடி எண் எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

வேரைப் பார்க்கும் நாள் வந்தது. ஒவ்வொரு சட்டியாகக் கவிழ்த்து வேரை அலசினோம். எல்லாவற்றிலும் முடிச்சு. பதினேழாம் சட்டியின் வேர் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆபீசர் துள்ளிக் குதித்தார்.

"ஒரு முடிச்சு இல்லையே வே! புழு தோத்துப் போச்சு வே!"

கடைசியாக நாற்பதைக் கவிழ்த்தால், புழுவே ஊற்றாத செடியில் கொத்துக் கொத்தாக முடிச்சு! சட்டி இடம் மாறியது எனக்குப் புரிந்துவிட்டது. ஆபீசரோ, "பக்கத்துச் சட்டித் தண்ணி தெறிச்சிருக்கும்" என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிவிட்டு, மேலிடத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

அண்ணாச்சி என் காதைக் கடித்தார். "சும்மா இரும் தம்பி. ஒமக்குக் கல்யாணம் ஆவணும்லா."

சும்மா இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் அந்த ரகத்தை நம்பி ஏதோ ஒரு சம்சாரி வயல் முழுக்க நட்டுவிட்டு வயிற்றில் அடித்துக்கொள்வானே! மனசு கேட்கவில்லை.

"சார், பொட்டு வைக்கும்போது நம்பரை அழிச்சிட்டேன். பதினேழு, புழு போடாத சட்டி சார்."

பேனா அப்படியே நின்றது. "அப்போ ஒண்ணுகூடத் தாங்கலையா?"

"தாங்கலை சார்."

"நாசமாப் போச்சு" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே அழுகை வந்தது. கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினார்: சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும், இந்த உதவியாளர் இன்னும் ஒரு வருடம் தேவை. பெண் வீட்டாரும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மறுவருடம் எண்ணைத் தாரால் எழுதினோம். ஆயுத பூஜைக்கு ஆபீசர் ஊருக்கே போகவில்லை.

"சட்டி பக்கம் வந்தீரு, கைய ஒடிச்சிருவேன்" என்று என்னை விரட்டிவிட்டு, அவரே குங்குமம் எடுத்து நாற்பதாம் சட்டிக்கு மட்டும் ஒரு பொட்டு வைத்தார்.

வேர் பார்த்த அன்று பொட்டு வைத்த சட்டியில் முடிச்சு இல்லை. பொட்டில்லாத இருபத்திரண்டாம் சட்டியிலும் இல்லை. ஆபீசர் தார் எண்ணை மூன்று தரம் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீரு தொடலையே வே?"

"சத்தியமா தொடலை சார்."

தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது.