தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்

எங்கள் வீட்டில் ஒருவருக்குக்கூட நீந்தத் தெரியாது என்பதை, ஆறு வீட்டுக்குள் வந்த அன்றுதான் அப்பா கண்டுபிடித்தார். சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அந்த மழைக்காலத்தில் ஒருநாள் விடிந்து பார்த்தபோது கேஸ் சிலிண்டர் கூடத்தில் மிதந்துகொண்டிருந்தது. அப்பா என்னைத் தோளில் உட்காரவைத்து, மார்பளவுத் தண்ணீரில் நடந்து, பெரிய ரோட்டில் கொண்டுபோய் விட்டார். வழி முழுக்க அவர் உடம்பு நடுங்கியது. குளிரில் நடுங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் வடிந்து, சுவரில் பழுப்புக் கோடு மட்டும் மிச்சமிருந்தது. அடுத்த கோடை வந்ததும் அப்பா அறிவித்தார்.

"நம்ம வூட்ல ஒருத்தராவது நீச்சல் கத்துக்கணும்."

அந்த ஒருத்தர் யார் என்று முடிவாக அதிக நேரம் ஆகவில்லை. அப்பாவுக்குத் தேனாம்பேட்டையில் கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை. அம்மா அலமாரியில் எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார். எனக்குப் பத்து வயது, முழுப்பரீட்சை லீவு வேறு. என்னைக் கூட்டிக்கொண்டு போய் வரும் வேலை சித்தியின் தலையில் விழுந்தது. சித்தி அம்மாவின் தங்கை. அரசாங்கத் தேர்வுக்குப் படிப்பதற்காகத் திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். படித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் என்னோடுதான் கேரம் ஆடுவாள். அப்பாவிடம் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் பயம். பத்துப் பேர் இருக்கும் ஊர்வீட்டில் புத்தகத்தைத் திறக்கக்கூட இடம் கிடையாது என்பாள். அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அது.

வீட்டிலிருந்து பஸ்ஸில் நாலு ஸ்டாப் தள்ளி ஒரு நீச்சல் குளம் இருந்தது. சீட்டு வாங்கினால் யாரும் போகலாம். முதல் பன்னிரண்டு நாள் காலையில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். மூச்சு விடவும் காலை உதைக்கவும் கற்றுக்கொண்டேன், சுவரிலிருந்து சுவருக்குக் குறுக்கே ஒருமுறை போகவும் வந்தது. அதன் பிறகு பழகுவதற்கு மதியம் மூன்று மணி பேட்ச். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான நேரம் அது. இருபது பிள்ளைகளாவது இருப்போம். பன்னிரண்டு நாளில் நீச்சல் முழுசாக வந்துவிட்டது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அந்த நம்பிக்கைக்குக் குறுக்கே நின்றவர் ஒருவர்தான். குளத்தின் நடுப்பக்கத்தில் உயரமான இரும்பு நாற்காலி ஒன்று உண்டு. அதில் நீலத் தொப்பியும் டிராக் பேன்ட்டுமாக, கழுத்தில் விசிலோடு ஓர் அக்கா உட்கார்ந்திருப்பார். நாற்பது வயது இருக்கலாம். சிரிக்க மாட்டார். வணக்கம் சொன்னால் திரும்ப மாட்டார். ஈரத் தரையில் ஓடினால் விசில். கயிற்றில் தொங்கினால் விசில். ஒருவர் தோளில் ஒருவர் ஏறினால் விசிலோடு, "தே, எறங்கு!" என்று ஒரு சத்தமும் சேர்ந்து வரும். கண் சிமிட்டுவதைக்கூட நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதனால் பிள்ளைகளுக்குள் அவருக்கு ஆந்தை அக்கா என்று பெயர்.

கயிறு என்றேனே, அது குளத்தின் குறுக்கே சிவப்பு மிதவைகள் கோத்துக் கட்டியிருந்த கயிறு. இந்தப் பக்கம் என் இடுப்பளவு, அந்தப் பக்கம் என் தலைக்கு மேல். மாஸ்டர் தனியாக நீந்திக்காட்டச் சொல்லித் தேர்வு வைத்துக் கையில் ரிப்பன் கட்டிவிட்ட பிள்ளைகள்தான் கயிற்றைத் தாண்டலாம். எனக்கு ரிப்பன் இல்லை.

அன்றைக்குச் சித்தி படிக்கட்டு மேடையில் உட்கார்ந்து, வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்து, "நீந்துடி, மாமாகிட்ட காட்டலாம்" என்றாள். அப்பாவிடம் காட்டப்போகும் படத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பது எனக்குக் கேவலமாகப்பட்டது. அந்த நேரம் பார்த்து எதிர்மூலையில் இரண்டு பையன்கள் தள்ளுமுள்ளு நடத்த, நாற்காலியிலிருந்து விசில் அந்தப் பக்கம் போயிற்று. நான் கயிற்றுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டேன்.

நாலைந்து கை வீசினேன். பிறகு நிற்கலாம் என்று காலை இறக்கினேன். தரை இல்லை.

நடந்தது இவ்வளவுதான். யாரும் காலைப் பிடித்து இழுக்கவில்லை. அலை இல்லை, சுழல் இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து வாயை மட்டும் தண்ணீருக்கு மேலே வைக்க முயன்றேன். வாய் மேலே வந்தபோதெல்லாம் மூச்சை இழுக்கவே நேரம் போதவில்லை, கத்துவது எங்கே? கைகள் என் பேச்சைக் கேட்காமல் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருந்தன. தண்ணீருக்கும் வெயிலுக்கும் நடுவே சித்தி தெரிந்தாள். நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டு கையாட்டினாள்.

அப்புறம் நீண்ட விசில் ஒன்று தண்ணீருக்குள்ளே கேட்டது. என் மேல்கையை எதுவோ கவ்வியது.

தரையில் என்னை ஒருக்களித்துப் போட்டு, "இருமு, நல்லா இருமு" என்று முதுகில் தட்டியது ஆந்தை அக்காதான். இருமினேன். மூக்காலும் வாயாலும் தண்ணீர் வந்தது. "பேர் இன்னா? எத்தினியாவது படிக்கிற?" என்று கேட்டார். சொன்னேன். ஓடிவந்த சித்தியிடம், "இங்கியே கூட உக்காரும்மா. மூச்சு வாங்கினாலோ, ரொம்ப இருமினாலோ, தூங்கித் தூங்கி வுழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடு. நாளிக்குப் பாக்கலாம்னு இருக்காத" என்றார். விசில் கேட்டு மற்ற பிள்ளைகள் எல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் அவர்களை ஒருமுறை எண்ணினார். துணியெல்லாம் நீர் சொட்டச் சொட்ட அப்படியே நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். என் தலையைத் தடவவில்லை, ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. சித்தி என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். யாருக்கு என்மேல் பாசம் என்பதை அந்த இடத்திலேயே நான் தீர்மானித்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"வீட்ல சொல்லாதடி. மாமாவுக்குத் தெரிஞ்சா என்னை ஊருக்கு அனுப்பிடுவாரு."

நான் சொல்லவில்லை. ஆனால் கை சொல்லிவிட்டது. மேல்கையில் மூன்று நகக்கீறல், சுற்றிலும் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா பார்த்துவிட்டார். "இன்னா இது?" என்றார். சித்தி வாயைத் திறப்பதற்குள் எனக்கே ஒரு பதில் தோன்றிவிட்டது.

"அந்த விசில் அக்கா புடிச்சு இழுத்தாங்கப்பா."

அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் அந்தப் பதிலின் அழகு.

மறுநாள் அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு எங்களோடு குளத்துக்கு வந்தார். மூன்று மணி பேட்ச் தொடங்கிவிட்டிருந்தது. நேராக நாற்காலிக்கு எதிரே போய் நின்றார்.

"புள்ளய இப்டிதான் இழுப்பியாம்மா? கையப் பாரு!"

"முழுகிச்சு சார். தூக்கினேன்" என்றார் அக்கா. முகம் தண்ணீர்ப் பக்கமே இருந்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "முழுகினியா?"

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது. "இல்லப்பா. விளையாடிக்கினுதான் இருந்தேன்" என்றேன்.

அக்கா அதற்கும் திரும்பவில்லை. அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் பேசிக்கினு கீறேன், நீ எங்கியோ பாத்துக்கினு கீற. மூஞ்சியப் பாத்துப் பேசும்மா!"

"பேசுங்க சார், கேட்டுக்கினுதான் கீறேன். புள்ளைங்க தண்ணியில கீதுங்க."

திமிர் என்று அப்பா முடிவுகட்டினார். எனக்கும் அப்படித்தான் பட்டது. திட்டும்போது முகம்கூட மாறாத ஒருவருக்கு மனசு வலிக்காது என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கை எனக்கு வசதியாகவும் இருந்தது. அப்பா ஆபீஸ் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டார். மேனேஜர் சார் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாத்திடறோம் சார்" என்றார்.

மாற்றினார்கள். அடுத்த நாள் அக்கா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். என் சீட்டையும் கிழித்துக் கொடுத்தார். "மூச்சு நல்லா வுடறியா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினேன்.

உள்ளே நாற்காலி காலியாக இருந்தது. பதில் ஆள் நாளைக்கு வந்துவிடுவார் என்றார்கள். பேட்ச் மட்டும் நிற்கவில்லை. விசில் இல்லாத அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குத் திருவிழா. ஓடினோம், தோளில் ஏறினோம், கயிற்றை ஊஞ்சலாக்கினோம். பெரியவர்கள் மேடையில் போனைப் பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். சித்தி மட்டும் உட்காரவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த நீளக் கம்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, கயிறு கட்டியிருந்த இடத்தில் வந்து நின்றாள். கயிற்றுப் பக்கம் வந்த பிள்ளைகளையெல்லாம், "அங்க போகாத, பாப்பா இங்க வா" என்று கெஞ்சினாள். நீச்சல் தெரியாதவள் சுடிதார் முழங்கால்வரை நனைந்து, கம்போடு நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. நாலு மணிக்கு மணி அடித்ததும் சித்தி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கம்பைப் பிடித்திருந்த விரல்களை விரிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

சாயந்தரம் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தபோது சித்தி போனை அவர் முன்னால் நீட்டினாள். "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க."

நானும் எட்டிப் பார்த்தேன். குளம், வெயில், நான். கயிற்றைத் தாண்டுகிறேன். கை வீசுகிறேன். தலை மேலும் கீழும் போய்வருகிறது. "சூப்பர்டி! இங்க பாரு, கையாட்டு!" என்று சித்தியின் குரல்.

"நல்லாதானே ஆடிக்கினு கீது?" என்றார் அப்பா.

"இன்னொரு தடவ பாருங்க."

இன்னொரு தடவை பார்த்தார். இந்தத் தடவையும் அவர் முகம் மாறவில்லை. படத்தில் நீண்ட விசில் கேட்டது. ஓரத்திலிருந்து நீலமாக ஒன்று பாய்ந்தது. படம் கோணலாகி நின்றது.

"அதுதான் மாமா முழுகுறது" என்றாள் சித்தி. "நான் பாத்துகினேதான் இருந்தேன். கண்ணை எடுக்கவேயில்ல. எனக்குத் தெரியல மாமா."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். அப்பா மூன்றாம் தடவையாகப் படத்தை ஓட்டினார். இந்தத் தடவை விசில் கேட்பதற்கு முன்பே நிறுத்திவிட்டார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி கொடியில் கிடந்த தன் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"எங்க கெளம்புற நீ?" என்றார் அப்பா. "ரெண்டு வாட்டி பாத்தேன், பெத்தவன் எனக்கே தெரியல. உன்ன இன்னான்னு சொல்றது? போய்ப் படி."

மறுநாள் அப்பா மறுபடியும் லீவு போட்டார். ஆபீஸ் அறையில் மேனேஜர் சாரிடம் படத்தைக் காட்டினார். அவருக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை, அப்பாதான் விரலை வைத்துக் காட்டினார். "தப்பு எங்க வூட்டு மேலதான் சார். அந்தம்மாவ மறுபடி அங்கியே உக்கார வைங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் அக்கா ஸ்டூலை விட்டு எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, உள்ளே போய் நாற்காலியில் ஏறினார்.

அப்பா என்னையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு அந்த நாற்காலிக்கு எதிரே போய் நின்றார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. எப்படிக் கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை. தொண்டையைச் செருமினார். சட்டைப் பொத்தானைத் திருகினார். பிறகு இரண்டு கையையும் கூப்பி, "தப்பாப் பேசிட்டேம்மா. மன்சுல வெச்சுக்காத. எம் பொண்ண நீதான்…" என்றார். சித்தி அழுதுகொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "சாரிக்கா" என்றேன்.

அக்கா எங்கள் தலைக்கு மேலாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"சரி சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது."

நாங்கள் தள்ளி நின்றோம். அப்பா கொஞ்ச நேரம் கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்துவிட்டு இறக்கினார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அப்பாவிடம் கேட்டேன்: "அவங்களுக்கு இன்னும் நம்ம மேல கோவமாப்பா?"

"தெரிலம்மா" என்றார் அப்பா.

கோபம்தான் என்று நான் முடிவுசெய்துகொண்டேன். அந்தக் கோடை முழுக்க அவர் முகத்தை அண்ணாந்து பார்த்து, ஒரு சிரிப்பாவது வராதா என்று காத்திருந்தேன். வராத ஒவ்வொரு நாளும் என் பொய்க்கான தண்டனை என்று எண்ணிக்கொண்டேன். மூன்றிலிருந்து நாலு வரை, இருபது தலைகள் தண்ணீரில் இருக்கும்போது, எங்களைக் கோபித்துக்கொள்ளவோ மன்னிக்கவோ அவருக்கு நேரம் கிடையாது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.