யார் கெடுத்தது என்று உள்ளே எழுதியிருக்குமா?

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தால் மெக்கானிக் என்பார்கள், கீபோர்டில் தட்ட ஆரம்பித்தால் திருடன் என்பார்கள். என் விஷயத்தில் திருடி.

போடிநாயக்கனூரிலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவள் நான். வீட்டுக்காரருக்கு வில்லிங்டன் தீவில் ஒரு கிட்டங்கியில் வேலை. பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிட்டங்கியின் மேல்மாடியில் என் கடை. படியேறி வருகிறவர்கள் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்வார்கள். நான் பேசுவது தமிழ் வாடை அடிக்கிற மலையாளம். அவர்கள் என்னிடம் பேசுவது மலையாளம் கலந்த தமிழ். எப்படியோ காரியம் நடந்துவிடுகிறது.

என்னிடம் அதிகம் வருவது பூட் செக்டர் கேஸ்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று மெஷினுக்கு வழி சொல்ல ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சின்ன இடம் உண்டு. அது கெட்டுப்போனால் உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும், ஆனால் மெஷின் கண்ணைத் திறக்காது. பென் டிரைவைச் செருகி, கறுப்புத் திரையை வரவழைத்து, நாலு கட்டளை தட்டினால் போதும். அந்த நாலு கட்டளைக்குள் நாம் கேட்கிற பேச்சு இருக்கிறதே, இதே தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் இரண்டு கேஸைச் சிரிக்கத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு வருவதெல்லாம் பார்வதி என்ற பெண்ணின் கதை. அவளுடைய நல்ல பெயர் அந்தக் கறுப்புத் திரையில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

ஆள் எப்போ வரும்?

ஃபோர்ட் கொச்சியில் ஹோம்ஸ்டே நடத்துகிற ஒருவர் லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி வந்தார். வந்தவர் என்னைத் தாண்டி, பின்னால் இருக்கிற ஸ்டூலைப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஆள் எப்போ வரும் சேச்சி?" என்றார். நான்தான் ஆள் என்றேன். லேப்டாப்பைக் கொடுத்தார், ஆனால் ஒரு மூலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் லேப்டாப். நிச்சயதார்த்தத் தட்டை மாற்றிக்கொள்கிறவர்கள் மாதிரி நின்றோம்.

ஒருவழியாக வாங்கி மேஜையில் வைத்து, பென் டிரைவைச் செருகினேன். கறுப்புத் திரை வந்தது, வெள்ளை எழுத்தில் கர்சர் கண் சிமிட்டியது. அவர் மெதுவாக நாற்காலியை எனக்கும் வாசலுக்கும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சேச்சி, இது நம்ம விண்டோஸ் அல்லல்லோ. டிவியில பேங்க் பணம் அடிச்சுமாத்துறவன் முன்னாடி இருக்கிற சாதனம் இதுதான்!"

அனுமதி இல்லை

அடுத்து வந்தவர் துறைமுக ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசிப்பார். எனக்கு மேலதிகாரி பக்கத்தில் நிற்கிற மாதிரி வியர்த்தது. முதல் கட்டளை வெற்றி என்று வந்தது. தலையசைத்தார். இரண்டாவதைத் தட்டினேன். 'ஆக்சஸ் டினைட்' என்று வந்தது.

இது எப்போதும் வருவதுதான். புது மெஷின்களில் அந்தக் கட்டளை இப்படித்தான் முரண்டு பிடிக்கும். பூட் பகுதிக்கு சி, டி என்பது போல நாமே ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்து, வேறு கட்டளையால் அதைச் சரிசெய்ய வேண்டும். அதை அவருக்கு விளக்கிக்கொண்டே அடுத்த கட்டளையைத் தட்டியதுதான் நான் செய்த தப்பு. சட்டென்று கீபோர்டின் மேல் கையை வைத்துவிட்டார். "முப்பது வருஷம் ஆபீஸில இருந்த ஆளாக்கும் ஞான். முன்வாசல்ல அனுமதி இல்லேன்னு சொன்னா பின்வாசல் வழியா ஃபைலை நகர்த்துறவங்களை எனக்கு நல்லாத் தெரியும்!"

படியில் வந்த கேள்வி

யூதர்கள் இருந்த ஜூ டவுனில் வர்கீஸ் முதலாளிக்கு ஒரு பழம்பொருள் கடை. தேக்குக் கதவு, பித்தளை உருளி, மரப்பெட்டி என்று வாசல் வரை அடைத்துக் கிடக்கும். அங்கே ஒன்பது வருஷமாக வேலை செய்கிறவள் பார்வதி. தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம். என்னிடம் தமிழில்தான் பேசுவாள், ஆனால் சீட்டில் எதையாவது குறித்துக்கொடுத்தால் மலையாளத்தில் இருக்கும். எந்த வெளிநாட்டுக்காரர் எந்தப் பொருளை வாங்கினார், அவர் விலாசம் என்ன என்று ஒன்பது வருஷப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடித்து வைத்தது அவள்தான். சீசன் ஆரம்பிக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் முதலாளி எல்லோருக்கும் எழுதுவார். கடையின் உயிரே அதுதான்.

ஒருநாள் காலையில் அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் எதிரில் புதிதாகத் திறந்த கடைக்காரர் மழையில் பார்வதியை நிறுத்தி ஏதோ பேசியிருக்கிறார். முதலாளி அதைப் பார்த்திருக்கிறார். தன் கடைக்கு வேலைக்கு வருகிறாயா என்று அந்த எதிர்க்கடைக்காரர் கேட்டாராம், இவள் மாட்டேன் என்றாளாம். அன்று முதல் சாயங்காலம் கிளம்பும்போது அவள் கைப்பையை மேஜைமேல் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று முதலாளி சட்டம் போட்டுவிட்டார். இப்போது கம்ப்யூட்டரும் படுத்துவிட்டதா, பட்டியலை எடுத்துக்கொண்டு மெஷினைக் கெடுத்துவிட்டாள் என்பது அவர் முடிவு. போலீசுக்குப் போவேன் என்று வேறு சொல்லியிருக்கிறார்.

என் கடைக்கு வந்த பார்வதி இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, முதலாளி கடைக்கு வரச் சொன்னதாகக் கூப்பிட்டாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதிப் படியில் நின்று, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. தப்பு செய்யாதவள் ஏன் இதைக் கேட்க வேண்டும்? நானும் அவளைச் சந்தேகப்பட்டேன், மறைக்கவில்லை. "அக்கா, இதை யாரு கெடுத்தாங்கன்னு அதுக்குள்ளேயே எங்கயாவது எழுதியிருக்குமா?"

பூஜ்யம்

மெஷினை என் கடைக்கு எடுத்துப்போக முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் அவர் கண்முன்னால் நடக்க வேண்டும். பார்வதி கதவோரம் நிற்க வேண்டும், கைகள் வெளியே தெரிய வேண்டும். நான் பென் டிரைவை எடுத்ததும் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உள்ளே கொண்டு போகுமா, வெளியே கொண்டு போகுமா?" என்று கேட்டார். இரண்டும் செய்யும் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். இந்தத் தொழிலில் உண்மையைச் சொல்வதற்கும் ஒரு நேரம் இருக்கிறது, அது அந்த நேரம் இல்லை.

கறுப்புத் திரையில் விண்டோஸைத் தேடச் சொல்லும் கட்டளையைத் தட்டினேன். தேடி முடித்துவிட்டு, கண்டுபிடித்த விண்டோஸ் மொத்தம் பூஜ்யம் என்று காட்டியது. முதலாளி எழுந்துவிட்டார். "கண்டோ! பூஜ்யம்! எல்லாம் போயி!" நான் பதறவில்லை. பழைய பூட் பட்டியல் ஒன்று அரைகுறையாக உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டளை பூஜ்யம் என்றுதான் சொல்லும். பழையதற்குப் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டு, திரும்பத் தேடச் சொன்னேன். இந்தத் தடவை ஒன்று என்று வந்தது. இதைச் சேர்க்கலாமா என்று மெஷின் கேட்டது. 'ஒய்' என்றால் சரி, 'என்' என்றால் வேண்டாம்.

இங்கே நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கடைசி எழுத்தை வாடிக்கையாளரையே அழுத்தச் சொல்வேன். நாளைக்கு ஏதாவது ஆனால் பழி பாதிப் பாதி. முதலாளியிடம் கீபோர்டை நகர்த்தினேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "ஞான் தொடில்ல. நாளெ ஞான்தான் கெடுத்ததுன்னு சொல்லுவீங்க." கீபோர்டு எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. யாரும் கூப்பிடாமலே பார்வதி கதவோரத்திலிருந்து வந்தாள், ஒரே விரலால் ஒய்யை அழுத்தினாள், திரும்பிப் போய் அதே இடத்தில் நின்றாள். முதலாளி என் காதருகே குனிந்தார். "கண்டோ சேச்சி? எதை அழுத்தணும்னு இவளுக்கு எப்படித் தெரிஞ்சது?"

ஏழு பத்து

மெஷின் எழுந்துவிட்டது. பாதியில் நின்ற அப்டேட் ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு, ஆற அமர விண்டோஸ் வந்தது. பட்டியலும் அப்படியே இருந்தது. ஒரு பெயர் குறையவில்லை. முதலாளி மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தார். கொஞ்சம் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "இருக்கு. ஆனா காப்பி எடுத்திருக்கலாமே?" என்றார். மனுஷனுக்குச் சந்தேகத்தைக் கீழே வைக்கவே மனசு வரவில்லை.

அப்போதுதான் படியில் பார்வதி கேட்டது ஞாபகம் வந்தது. உள்ளே எழுதியிருக்குமா? எழுதியிருக்கும். முறையாக அணைக்காமல் கரண்ட் போனால், போன நேரத்தை விண்டோஸ் குறித்து வைக்கும். அந்தக் குறிப்பேட்டைத் திறந்தேன். மாசக்கணக்காக வரிசையாக நின்றது: மாலை ஏழு பத்து, ஏழு எட்டு, ஏழு பன்னிரண்டு, திரும்ப ஏழு பத்து. மெஷின் படுப்பதற்கு முந்தின சாயங்காலமும் ஏழு பத்துதான். பார்வதி எத்தனை மணிக்குப் போவாள் என்று கேட்டேன். "அஞ்சரை. பை பார்த்துத்தான் விடுவேன்." அதற்கப்புறம் கடையில் யார் இருப்பார்கள்? "ஞான் மாத்ரம். நாலு கேமராவையும் கம்ப்யூட்டரில் பார்த்துட்டு, ஏழு மணிக்குப் பூட்டுவேன்."

பூட்டுவதற்கு முன்னால் என்ன செய்வார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜூ டவுனில் மரச்சாமான் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். தீப்பிடிக்கும் பயத்தில் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பார்கள். யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. தினமும் ஓடுகிற கம்ப்யூட்டரின் குரல்வளையை நெரித்துவிட்டுத்தான் முதலாளி வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒருநாள் அது அப்டேட்டின் நடுவில் இருந்திருக்கிறது, தாங்கவில்லை. திருடனுக்குப் பயந்து வைத்த கேமராவும் அதே சுவிட்சில்தான் அணைகிறது என்பதை நான் சொல்லவில்லை. ஒரே நாளில் எத்தனையைத்தான் தாங்குவார். மற்றதையெல்லாம் சொன்னேன். முதலாளி வாசல் பக்கம் இருந்த மெயின் சுவிட்சைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். "அப்போ இத்தனை நாளும் இது என்னையாணோ நோட்டம் பார்த்துட்டு இருந்தது?"

அஞ்சரை மணி

மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் சாயா வரவழைத்தார், மூன்று கிளாஸ். பார்வதியிடம் ஒரு கிளாஸை அவரே நீட்டினார். "நாளெ முதல் பை காட்டண்டா" என்றார். அவருக்கு அது பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் கூச்சமாக இருந்தது. படியில் அவள் கேட்டதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியுமே. உள்ளே எழுதியிருக்காதா என்று ஏங்கிக் கேட்டிருக்கிறாள், நானோ மாட்டிக்கொள்வோமா என்று பயந்து கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பென் டிரைவைத் தேடுவது மாதிரி குனிந்துகொண்டேன்.

பார்வதி சாயாவைக் குடிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் அஞ்சரை ஆனதும் கைப்பையை எடுத்து வந்தாள். அதை மேஜைமேல் வைத்து, ஜிப்பைத் திறந்து, கவிழ்த்தாள். சோற்றுப் பாத்திரம், மடக்குக் குடை, தலைவலித் தைலம், ஒரு பஸ் டிக்கெட், தூக்கம் வராமல் இருக்க மெல்லுகிற ஏலக்காய் நாலு. காலிப் பையை உதறிக் காட்டினாள். முதலாளி "வேண்டாம், வேண்டாம்" என்று கையை ஆட்டினார். அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் வைத்தாள், கடைசி ஏலக்காய் வரை. குரலை உயர்த்தவே இல்லை. "நல்லாப் பாத்துக்கங்க முதலாளி. நாளைலேர்ந்து நான் எதிர்க்கடைல இருப்பேன். அப்புறம் நான் என்ன எடுத்துட்டுப் போனேன்னு உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது."

இப்போது வர்கீஸ் முதலாளி மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, கம்ப்யூட்டரை முறையாக அணைத்தவர் யார், எத்தனை மணிக்கு என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்; கடையில் வேறு ஆள் இல்லாததால் தினமும் தன் கையெழுத்தைத் தானே போட்டு, அது தன்னுடையதுதானா என்று ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறார்.