அம்மா விழித்த வருடம்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் காயில் சுற்றும் வேலைக்கு நான் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. மின்விசிறி மோட்டாருக்குள் போகும் செம்புக் கம்பிச் சுருள் அது. ஒரு கையால் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். மறு கையால் கம்பி ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடாமல் பிடித்துக்கொடுக்க வேண்டும். எங்கள் கூடத்தில் எல்லாரும் பெண்கள். என் கை வேகமான கை. புதிதாக வரும் பெண்களை, பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று சூப்பர்வைசர் என் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்.

ஓரிரு வருடங்கள் கழித்து அந்தக் கை மெதுவாகிவிட்டது. எப்போது ஆரம்பித்தது என்று என்னால் சொல்ல முடியாது. காலையில் எழும்போதே நேற்றைய வேலை முழுவதும் உடம்பில் மிச்சம் இருக்கும். பத்து மணி நேரம் தூங்கினாலும் தூங்கின மாதிரி இருக்காது. எஸ்டேட் வாசலிலிருந்து எங்கள் கூடம் வரைக்கும் நடப்பதற்குள் எங்காவது உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றும். வலி என்றால் இந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டலாம். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். களைப்பை எங்கே காட்டுவது?

பக்கத்து மேஜைக்காரிதான் முதலில் கவனித்தாள். அவளும் எங்கள் பக்கத்துக் கிராமம்தான். அப்பன் வழியில் விவசாயக் குடும்பம்.

"இன்னாடி, கொரலு ஆம்பள கொரலாட்டம் கீது? சளி புடிச்சிகிச்சா?" என்றாள்.

"சளி எதுவும் இல்லியே."

"சித்திரை வெயில்ல போய் முந்தானைய இப்டி இஸ்து போத்திகினு கீறே. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

எனக்குக் குளிர்ந்தது. அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

வீட்டில் நைனாவின் பார்வை வேறு. எஸ்டேட் வருவதற்கு முன்பு அந்த நிலங்களில் கூலி வேலை செய்தவர் அவர். நிலம் தொழிற்சாலையான பிறகு அதே இடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வாட்ச்மேன் ஆனார். சும்மா இருப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மத்தியானம் வரைக்கும் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒங்கம்மா புத்தி ஒனக்கும் வந்துடுச்சா? இந்த ஊட்ல ஒரு தூங்குமூஞ்சி போறாதா?"

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அது அவள் காதில் விழுந்திருக்கும். ஆனால் அம்மா எதற்கும் உடனே பதில் சொல்பவள் அல்ல. யாராவது ஏதாவது கேட்டால் அந்தக் கேள்வி அவளுக்குள் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வரும். அதற்குள் கேட்டவர்கள் எழுந்து போயிருப்பார்கள். குரல் பானைக்குள்ளிருந்து வருவது போலக் கனத்திருக்கும். முகம் உப்பி, இமைகள் தடித்து, எப்போதும் இப்போதுதான் எழுந்தவள் போல இருப்பாள். அடுப்பில் சோறு வைத்துவிட்டுத் தூங்கிவிடுவாள். நான் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே கஞ்சி வடிக்கக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் அதுதான். நடவு வேலைக்குப் போன காலத்தில் வரிசையில் அவள் எப்போதும் பின்தங்கிவிடுவாளாம். அவள் பங்கை மற்றவர்கள் நட வேண்டியிருந்ததால் மேஸ்திரி அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். தெருவில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்றுதான் பெயர். குழந்தைகள்கூட அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

எனக்கு ஒரு தங்கை. அவள் பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. பிறந்த சில மாதங்களிலேயே வானகரத்திலிருந்து பெரியம்மா வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குழந்தை அழுவது தெரியாமல் அம்மா தூங்குகிறாள், இப்படியே விட்டால் குழந்தை தங்காது என்று பெரியம்மா சொன்னதாகக் கேள்வி. தங்கை அங்கேயே வளர்ந்தாள். பெரியம்மாவை அம்மா என்றும் எங்கள் அம்மாவைச் சின்னம்மா என்றும் கூப்பிட்டாள்.

என் களைப்புக்கு வருகிறேன். எஸ்டேட் தொழிலாளர்களுக்கு என்று ஒரு மருந்தகம் இருந்தது. அங்கிருந்த டாக்டர் என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் கம்மி என்றார். சத்து மாத்திரை தந்தார். தீர்ந்ததும் மறுபடி தந்தார். ஊசி போட்டார். கீரை சாப்பிடச் சொன்னார். எல்லாம் செய்தேன். நைனாவே மனது கேட்காமல் பூந்தமல்லிக்குக் கூட்டிப் போய் ஒருவரிடம் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணுக்கு ஏதோ மந்தம் இருக்கிறது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். ஒரு காலாண்டின் முடிவில் சூப்பர்வைசர் என்னைக் காயில் மேஜையிலிருந்து எடுத்து, பெட்டிகளில் லேபிள் ஒட்டும் இடத்தில் போட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அழுகை வந்தது.

அந்தச் சமயத்தில் மருந்தக டாக்டர் விடுப்பில் போக, அவர் இடத்தில் ஒரு பெண் டாக்டர் சில மாதங்களுக்கு வந்தார். நடுத்தர வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுவார். நான் சத்து மாத்திரைக்குத்தான் போனேன். சீட்டை நீட்டி, மாத்திரை வேண்டும் என்று சொன்னேன். அவர் சீட்டை வாங்காமல் என்னையே பார்த்தார்.

"எத்தனை நாளா இந்தக் குரல்?"

"எந்தக் கொரலு டாக்டர்?"

"இப்ப பேசறியே, இது."

டாக்டர் எழுந்து வந்தார். என் கழுத்தில் தொங்கிய தொழிற்சாலை அடையாள அட்டையைக் கையில் வாங்கி அதிலிருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீதானே? முகத்துக்கு என்ன ஆச்சு?"

"சதை போட்டுகினேன்னு சொல்றாங்க."

"இது சதை இல்லம்மா. ஊதியிருக்கு."

கேட்டுக்கொண்டே போனார். குளிருகிறதா, முடி கொட்டுகிறதா, மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா, மலச்சிக்கல் உண்டா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். ஒன்றோடொன்று சம்பந்தம் உள்ளவை என்று தெரியாததால் இதுவரை யாரிடமும் சேர்த்துச் சொன்னதில்லை. பிறகு ஒரு நாற்காலியில் என்னை முட்டி போட்டு நிற்கச் சொன்னார். பாதம் வெளியே தொங்க, குதிகாலுக்கு மேலே ஒரு சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார். பாதம் சட்டென்று உதறியது. ஆனால் திரும்பி வரும்போது மெதுவாக, யோசித்து யோசித்து வந்தது. நர்சைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொல்லி இன்னொரு முறை தட்டினார்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே வெறும் வயிற்றில் படுக்க வைத்து, மூக்கை ஒரு கிளிப்பால் அடைத்து, வாயில் குழாயைக் கொடுத்து மூச்சுவிடச் சொன்னார்கள். உடம்பு சும்மா இருக்கும்போது எவ்வளவு எரிக்கிறது என்று அந்த இயந்திரம் கணக்கிடுமாம். ரத்தமும் எடுத்தார்கள். முடிவுகளோடு நான் மறுபடி மருந்தகத்துக்கு வந்தேன்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு எவ்வளவு வேகமா ஓடணும்னு அதுதான் சொல்லும். உனக்கு அது வேலை செய்யல. அதான் எல்லாம் மெதுவாயிடுச்சு. மாத்திரை இருக்கு. ஆனா தினமும், ஆயுசு முழுக்க சாப்பிடணும்" என்றார்.

ஆயுசு முழுக்க என்று கேட்டால் மற்றவர்களுக்குத் துக்கம் வருமோ என்னவோ, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்கு ஒரு நோய் இருந்தது. அதற்குப் பெயர் இருந்தது. நான் சோம்பேறி இல்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி உண்டா?"

"இல்ல டாக்டர்."

"அம்மாவுக்கு?"

"அம்மாக்கு நோவு எதுவும் இல்ல. அவங்க எப்பவுமே அப்டித்தான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எப்பவுமே எப்படி?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். எப்பவும் தூங்கிகினே இருப்பாங்க. கேட்டா லேட்டாத்தான் பதில் சொல்வாங்க. மொகம் கொஞ்சம் உப்பி இருக்கும். கொரலு கனமா... இத்தனை வருடங்களாக ஒரே வீட்டில் பார்த்துக்கொண்டிருந்ததை அன்றுதான் என் வாயாலேயே கேட்டேன்.

"எப்பலேர்ந்து?"

"தங்கச்சி பொறந்தப்பறம்னு சொல்வாங்க."

"நாளைக்கே கூட்டிட்டு வா."

அம்மா வர மறுத்தாள். வழக்கம் போல நேரம் எடுத்துக்கொண்டுதான் மறுத்தாள். "எனக்கு இன்னாத்துக்குடி டாக்டரு. நான் இன்னா படுத்த படுக்கையாவா கீறேன்?" நைனா சிரித்தார். "அவ பொறந்ததே தூங்கறதுக்குத்தான். அதுக்கு மாத்திர வேற கீதா?" பக்கத்து மேஜைக்காரி தன் அண்ணனிடம் சொல்லி ஒரு மாட்டு வண்டியை அனுப்பி வைத்தாள். வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டதால் அம்மாவுக்கு ஏறுவதைத் தவிர வழி இல்லாமல் போயிற்று.

அதே நாற்காலி, அதே சுத்தி. அம்மாவின் பாதம் என்னுடையதைவிடவும் மெதுவாகத் திரும்பியது. டாக்டர் அம்மாவின் வறண்ட கையைத் தன் கைக்குள் வைத்து, தோலை விரலால் தடவிப் பார்த்தார். ஆஸ்பத்திரி முடிவுகள் வந்த பிறகு, ரொம்ப வருடமாகிவிட்டதால் இதயம் தாங்க வேண்டும், அதனால் கால் மாத்திரையில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்றார்.

மாத்திரையின் பலன் எனக்குச் சீக்கிரம் தெரிந்துவிட்டது. மழைக்காலம் வருவதற்குள் காயில் மேஜைக்குத் திரும்பிவிட்டேன். அம்மாவுக்கு அப்படி இல்லை. மாதக்கணக்கில் எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் நான் வேலை விட்டு வந்ததும் கையை நீட்டிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே பொடிப்பொடியாக நீர்.

"இன்னா இது?" என்றாள்.

"வேர்வம்மா."

"எனக்கு வேர்க்குதா?" அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனை கோடைகள் வேர்க்காமல் கழித்திருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நாங்கள் சிரிக்கும்போதே அவளும் சிரித்தாள். முன்பெல்லாம் நாங்கள் முடித்த பிறகுதான் சிரிப்பாள். முகத்தின் உப்பல் வடிந்தபோது உள்ளே எனக்குத் தெரியாத ஒரு முகம் இருந்தது, தாடை கூராக, கண் பெரியதாக. தெருக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மிகவும் திண்டாடியவர் நைனாதான். அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் யாரும் எதிர்ப்பேச்சு பேசி அவருக்குப் பழக்கமில்லை. இப்போது அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் பதில் வந்தது.

"கொழம்புல உப்பு..."

"போட்டுகினு துன்னு. கை கீது இல்ல?"

நைனா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தபோது அம்மா புடவை மாற்றி, தலை வாரி நின்றிருந்தாள். வானகரம் போகிறேன் என்றாள். தனியாகப் பஸ் ஏறி அவள் எங்கும் போனதில்லை. நானும் கூடப் போனேன். பெரியம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் யார் என்று தெரியாமல் ஒரு கணம் கண்ணைச் சுருக்கினாள். பிறகு முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எப்டிடி இருந்தவ," என்றாள். "சின்ன வயசுல நீ நாத்து நட்டா ஒன் கூட யாராலயும் வர முடியாது. நான் மறந்தே பூட்டேன்."

தங்கை உள்ளேயிருந்து வந்தாள். அவளுக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதக் கர்ப்பம். "வா சின்னம்மா," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். அம்மா அவள் போவதையே பார்த்தாள். பெரியம்மாவும் அதைப் பார்த்தாள். எனக்குத்தான், இங்கிருந்து எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா அழுதாள். சத்தமில்லாத அழுகை அல்ல. நடத்துநர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதாள். வீட்டுக்கு வந்ததும் நைனாவைத் திட்டினாள், தன் அக்காவைத் திட்டினாள், மேஸ்திரியைத் திட்டினாள், தெருவைத் திட்டினாள், என்னையும் திட்டினாள். பல நாட்கள் இது நடந்தது. நைனா டாக்டரிடம் போய் மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று கேட்டதாகப் பின்னால் தெரிந்தது. முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ கோவம்? யாருக்குமே தெரியலியே, ஒனக்கு நோவுன்னு," என்று ஒரு நாள் கேட்டேன்.

"எனக்கே தெரியல. அது இல்லடி விசயம்," என்றாள். "கோவப்படறதுக்குக்கூட ஒடம்புல தெம்பு வேணும்டி. அப்போ இல்ல. இப்போ கீது. அதான் படறேன்."

தங்கையின் பிரசவம் வானகரத்தில் நடந்தது. அம்மா மாத்திரை டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு போய் மூன்று மாதம் அங்கேயே தங்கினாள். பெரியம்மாவுக்கு மூட்டுவலி. அதனால் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையல் செய்வதும், ராத்திரி குழந்தை சிணுங்கினால் முதலில் எழுவதும் அம்மாதான். நான் போயிருந்த ஒரு பகல் வேளையில் தங்கை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "சின்னம்மா, நான் பொறந்தப்போ இப்டித்தான் இருந்தேனா?" என்று கேட்டாள்.

"தெரியலடி," என்றாள் அம்மா உடனே. "நான் பாக்கவே இல்ல. அக்காவக் கேளு."

பெரியம்மா சொல்ல ஆரம்பித்தாள். தலை நிறைய முடியோடு பிறந்தாளாம். பாலுக்கு அழும்போது இடது கையை மட்டும் உதறுவாளாம். அம்மா குழந்தைத் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு, தங்கையின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.