‘சட்டைகள்’ வகையில் ஒரு சட்டை

தையல்காரம்மாவைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. முப்பது வருஷமாக ஊராருக்கெல்லாம் அளவெடுத்தவள், வீட்டுக்காரருக்கு மட்டும் கடைச் சட்டைதான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நேரம் எங்கே இருந்தது?

பக்கவாதத்தில் அவருடைய வலது கை விழுந்து, பேச்சும் திக்கத் தொடங்கிய பிறகு நேரம் தானாக வந்தது. பார்சல் ஆபீஸில் மூட்டைகளைப் பந்து மாதிரி தூக்கிப் போட்டு ரேக் ரேக்காகப் பிரித்த மனுஷன் ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. பொத்தான்களை மேலே அழகுக்கு மட்டும் வைத்து, உள்ளே ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டை தைத்தாள். இடது கையால் ஒரு அழுத்து, சட்டை மூடிக்கொண்டது. கண்ணாடி முன்னால் இருந்து அவர் நகரவே இல்லை.

"என்ன, பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்று சீண்டினாள்.

தைத்த விதத்தை எழுதி, தன் தையல் வெப்சைட்டில் போடச் சொல்லி மகளிடம் கொடுத்தாள். வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது அவள்தான். சட்டைகள், பாவாடைகள், குழந்தை உடுப்புகள் என்று நாற்பது குறிப்புகளை வகை பிரித்து வைத்திருந்தாள்.

"இதுக்குப் புதுசா ஒரு கேட்டகரி போட்டுடறேன்மா. ‘நோயாளிகளுக்கு’ன்னு."

அவர் நிமிர்ந்தார். "நோயாளி... யாரு?"

எழுந்து உள்ளே போனவர், பழைய கடைச் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். பொத்தான்கள் துளை மாறிக் கிடந்தன.

தையல்காரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "கோவமா?"

"அது... சட்டைதானே?"

அவள் மகளிடம் திரும்பினாள். "சட்டைங்களோடயே போடு."

"போடலாம்மா. ஆனா கை வராதவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க? நாற்பதோட நாற்பத்தொண்ணாப் போயிடுமே." கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தவள், "டேக் போட்டுடலாம்" என்றாள். "கேட்டகரி அது என்ன பொருள்னு சொல்லும், ஒண்ணு போதும். டேக் அது யாருக்கு ஆகும்னு சொல்லும். எத்தனை வேணும்னாலும் போடலாம்."

அவர் யோசித்தார். "பார்சல் ஒரே ரேக்குல. மேல சீட்டு மட்டும்... நிறைய?"

"அதேதான்பா!"

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. ஒற்றைக் கை, விரல் வலி, மாவுக்கட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், "கைக்குழந்தை."

"அது எதுக்குங்க?"

"இடுப்புல பிள்ளை இருந்தா... அம்மாவுக்கும் ஒரு கைதானே?"

மூன்றே வாரத்தில் வெப்சைட்டுக்கு ஒரு மெயில் வந்தது. மெஷினில் தம்பியின் கை போய்விட்டது, ‘ஒற்றைக் கை’ என்று தேடித்தான் இங்கே வந்தேன், பேண்ட்டுக்கும் இப்படிச் செய்யலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தாள். தையல்காரம்மா பதில் எழுத உட்கார்ந்தாள். அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவளும் விட்டுவிட்டாள்.

இடது கை ஆள்காட்டி விரலால், எழுத்து எழுத்தாகத் தட்டினார்: "செய்யலாம்மா. துவைக்கும்போது வெல்க்ரோவை ஒட்டி வைக்கச் சொல்லுங்க, இல்லன்னா நூலெல்லாம் பிடிச்சுக்கும். தம்பி இடுப்பு அளவு என்ன?"