போகியன்று ஒடித்த ஆவாரங்கொத்து

நர்சரியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் கிளை ஒடிகிற சத்தம் கேட்டதும், திரும்பிப் பார்க்காமலே கத்தினேன். "அது விக்கிற செடிங்க, ஒடிக்காதீங்க!"

கத்தி முடிப்பதற்குள் ஆவாரையின் பச்சை வாசம் மூக்கில் ஏறியது. கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் காட்டில் போகி மத்தியானம் முழுக்க இதே வாசம்தான் அடிக்கும். உழும்போது வரப்போரத்து ஆவாரையையும் பூளைப்பூவையும் மட்டும் அப்பா விட்டுவைப்பார். வீட்டு முகப்பில் செருகிக் காப்புக் கட்ட, ஊரே வந்து ஒடித்துக்கொண்டு போகும். யாராவது அனுமதி கேட்டுவிட்டால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். "இதுக்கெல்லாங் கேப்பாங்களா? போயி ஒடிங்க!"

திரும்பினேன். மஞ்சள் கொத்தோடு எங்கள் ஊர் சரசக்கா நின்றிருந்தார். சின்ன வயதில் என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்.

"பழக்கத்துல ஒடிச்சுப்போட்டேனுங்க" என்று கொத்தை மேசைமேல் வைத்தார்.

"அக்கா, எடுத்துட்டுப் போங்க."

"வேண்டாமுங்க. விக்கிறதுங்களே."

'நம்ம மண்ணுச் செடிகள்' என்று வாசலில் நான் எழுதி மாட்டியிருந்த பலகைக்குக் கீழே, வெறுங்கையோடு நடந்து போனார்.