உத்தரத்தில் வெட்டிய எண்

மொன்றியல் துறைமுகத்தின் கிழக்குக் கோடியில் அந்த மரக்கப்பல் கரையேற்றப்பட்டுக் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளை வேட்டையாடியது. பிறகு பல ஆண்டுகள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றியது. பதினொரு மணிக்கு உடைக்கப் போகிறார்கள். இப்போது பத்து நாற்பது.

இது எந்தக் கப்பல் என்று அறியத்தான் டொரன்டோவிலிருந்து வந்திருக்கிறேன். இந்த வகைக் கப்பல்களின் வரலாற்றை எழுதி அச்சிட்டவன் நான். அவற்றில் ஒன்று, கடற்படை விற்ற சில மாதங்களிலேயே எரிந்துபோனதாக எழுதியிருக்கிறேன். அது இதுவாக இருந்துவிடுமோ?

முன்பக்கத்தில் எண்ணைத் தேடிப் பெயின்டைச் சுரண்டுகிறேன். அடியில் வெறும் மரம்தான்.

"அண்ணை, அங்க சுரண்டி விடியாது," என்று சிரிக்கிறார் ஜெராட். கப்பல் உடைக்க வந்திருக்கும் மன்னார்க்காரர். "நேவிக்காரன் பெயின்டில எழுதுவான். வித்தாப்பிறகு பதிவு நம்பரை, தளத்தைத் தாங்கிற உத்தரத்தில வெட்டோணும். உள்ளுக்க வாங்கோ."

டார்ச் வெளிச்சத்தில் ஆறு இலக்கங்கள் தெரிகின்றன. என் குறிப்பேட்டிலுள்ள பதிவு எண்களோடு ஒப்பிடுகிறேன். இரண்டு முறை.

"இது எரிஞ்சுபோச்செண்டு எழுதிப்போட்டன்."

"நீங்கள் எழுதினா எரியுமோ? கெதியா ஃபோட்டோ எடுங்கோ!"

வெளியே உடைக்கும் இயந்திரம் உறுமுகிறது. ஜெராட் ஓடிப்போய்ப் பிரெஞ்சில் ஏதோ கத்த, சத்தம் அடங்குகிறது. முதல் படம் மங்கல். மறுபடி எடுக்கிறேன்.

வெளியே வந்ததும் குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ள 'எரிந்தது' என்பதைக் கோடிட்டு அடிக்கிறேன். அந்த இடத்தில் 'உடைக்கப்பட்டது' என்று இன்றைய தேதியோடு எழுதி முடிப்பதற்குள் முதல் பலகை முறிகிறது.