நறநறத்த நெஞ்சு

நெஞ்சில் அடிபட்டவரைச் சோதிக்க எங்களுக்குச் சொல்லித்தந்த வரிசை இதுதான்: சட்டையைக் கழற்று, பார், தொடு, கேள். திண்டிவனத்தில் நான் ஆம்புலன்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவர் என்னை முதல் படியிலேயே நிறுத்திவிட்டார்.

மேல்சித்தாமூர் பக்கம் பைக் சறுக்கி, ஹேண்டில்பார் அவர் வலது நெஞ்சில் இடித்திருந்தது. பின்னால் உட்கார்ந்து வந்த மனைவிக்கு வெறும் சிராய்ப்பு. மதியம் அவர் தங்கை குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடி இல்லாமல் ஆசாரி ஊசியை எடுக்கமாட்டார்.

“சட்டையைக் கழட்டுங்கண்ணே.”

“வாணாம்மா. ஒரு ஊசி போட்டு உடு, ஜல்தியா போவணும்.”

“அவங்க சொல்றாங்க இல்ல, கழட்டேன்யா!” என்றார் மனைவி.

“பொம்பளைங்க எதிர்ல எப்டிடி கழட்டறது?”

“நேத்தெல்லாம் வெறும் ஒடம்போட தெருவுல சுத்திக்கினு இருந்தது யாரு?”

பதில் சொல்ல வந்தவருக்கு மூச்சு பாதியில் பிடித்துக்கொண்டது. பட்டுச் சட்டைக்கு மேலேயே விரல் வைத்தேன். நறநற என்றது. நுரையீரல் கிழிந்து காற்று தோலுக்கடியில் கசிந்தால், தொடும்போது இப்படித்தான் நறநறக்கும் என்று படித்திருந்தேன். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருப்ப வேண்டியிருக்கும் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, கத்திரிக்கோலால் பட்டுச் சட்டையை வெட்டினேன்.

பனியனின் உள்பையில் மல்லாட்டை உருண்டைகள்; வேர்க்கடலையை வெல்லப்பாகில் பிடித்தவை. ஒன்று மட்டும் முழுசாக இருந்தது, மற்றதெல்லாம் தூள்.

மனைவி எட்டிப் பார்த்தார்.

“சக்கரை ஏறிக்கினு கெடக்குது, உனக்கு மல்லாட்டை உருண்டை கேக்குதா?”

“கொழந்தைக்கு எடுத்தாந்தேன்டி.”

“அதுக்கு இன்னும் பல்லே மொளைக்கல!”

நான் வரிசையைத் தொடர்ந்தேன். நெஞ்சு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்கியது. ஸ்டெதஸ்கோப்பில் காற்று இரண்டு பக்கமும் கேட்டது. வெறும் தோலில் நறநறப்பு இல்லை. ஒரு விலாவைத் தொட்டதும் மட்டும் துள்ளினார். ஆனாலும் சில கசிவுகள் தாமதமாகத்தான் தெரியும் என்பதால் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் இறக்கினேன். எக்ஸ்ரேயில் விலாவில் ஒரு கீறல்தான். சாயங்காலம் வரை நகரக் கூடாது என்றார் டாக்டர்.

அடுத்த நோயாளியோடு திரும்பி வந்தபோது, வார்டு வாசல் பெஞ்சுக்கே காது குத்து வந்திருந்தது; தங்கையின் மொட்டைத்தலைக் குழந்தை மாமனின் இடது தொடையில் உட்கார்ந்திருந்தது. எதிரே ஆசாரி, பக்கத்தில் திட்டிக்கொண்டே நர்ஸ். ஊசி ஏறியதும் குழந்தை வீறிட்டு உதைத்தது. உதை வலது விலாவில் விழ, மாமன் அதைவிடச் சத்தமாக அலறினார்.

அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, முழுசாகத் தப்பிய உருண்டையைக் கையில் வைத்தார்.

“நீ துன்னும்மா. இங்கயே துன்னு. இவரு பாக்கணும்.”

அவர் பார்க்கப் பார்க்கக் கடித்தேன். நறநற.